சின்ன ரிவால்வர் வாங்கலாமா? அமெரிக்காவுல இருக்கற நம்ம ஆளுங்க அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் டெக்சாஸ்ல இருக்கேன், துப்பாக்கி சுட்டுப் பழகற ரேஞ்சுக்கு ரெகுலரா போற ஆளுன்னு தெரிஞ்சதுல இருந்து பொங்கல் விழா பந்தியில உக்காந்தா கூட யாராவது பக்கத்துல வந்து காதோட காதா இதைத்தான் கேக்கறாங்க. கேள்விகளும் கிட்டத்தட்ட அதே கேள்விகள்தான், அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதிடலாம்னு உக்காந்துட்டேன். இங்க ரிவால்வர்னு சொல்றது எல்லாம் பாக்கெட்ல அடங்கற சின்ன வகை, பேரல் (குண்டு வெளில போற குழாய்) 2 இன்ச் பக்கம், சுத்தற சிலிண்டர்ல பெரும்பாலும் 5 இல்லன்னா 6 ரவுண்டு, அதாவது ரவை, போடறது. நான் வக்கீல் கிடையாது, சட்டம் வர்ற இடத்துல உங்க ஸ்டேட்ல என்னன்னு நீங்களும் ஒரு தடவை சரி பாத்துக்கங்க.

அண்ணா, நான் எச்-1பி விசால இருக்கேன், வாங்க முடியுமா?

இதை முதல்ல வெச்சதுக்கு காரணம் இருக்கு, இதுல மாட்டினா வேலை, விசா, கிரீன் கார்டு எல்லாம் சேர்ந்து போகும். எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1 இதெல்லாம் நான்-இமிக்ரன்ட் விசா. இந்த விசால உள்ள வந்தவங்க துப்பாக்கியோ ரவையோ கையில வெச்சிருக்கறதே ஃபெடரல் சட்டப்படி குற்றம், வாங்கறது மட்டும் இல்ல. தண்டனை 15 வருஷம் வரைக்கும் போகலாம். விதிவிலக்குகள் கொஞ்சம் இருக்கு, அதுல நம்ம ஆளுங்க அதிகமா சொல்றது ஏதாவது ஒரு ஸ்டேட்ல எடுத்த செல்லுபடியாகற ஹன்டிங் லைசென்ஸ். அது சட்டத்துலயே இருக்கற வழிதான், குறுக்கு வழி இல்ல. ஆனா அந்த லைசென்ஸ் காலாவதி ஆகற அன்னிக்கு துப்பாக்கி இன்னும் உங்க அலமாரில இருந்தா நீங்க குற்றவாளி. அதனால என் கருத்து, கிரீன் கார்டு வர்ற வரைக்கும் இதுல இறங்காதீங்க, இறங்கியே ஆகணும்னா முதல்ல இமிக்ரேஷன் வக்கீல் கிட்ட பேசுங்க.

இன்னொண்ணு, இது நிறைய பேருக்கு தெரியறதே இல்ல. ஊர்ல இருந்து அப்பாவோ மச்சானோ விசிட்டர் விசால வந்தா "வாங்க ரேஞ்சுல ஒரு தடவை சுட்டுப் பாக்கலாம்"னு ஆசையா கூட்டிட்டு போவாங்க. அவங்களுக்கும் அதே தடைதான். வாடகைத் துப்பாக்கியா இருந்தாலும் கையில எடுத்தா எடுத்ததுதான். கிராண்ட் கேன்யன் காட்டுங்க, அது போதும்.

கிரீன் கார்டு இருக்கு. என்ன பண்ணணும்?

கிரீன் கார்டு, சிட்டிசன் ரெண்டு பேரும் வாங்கலாம். கடையில ஹேண்ட்கன் வாங்க 21 வயசு ஆகியிருக்கணும், இப்போதைய அட்ரஸோட ஐடி வேணும், 4473னு ஒரு ஃபார்ம் நிரப்பணும், கிரீன் கார்டு நம்பரை அதுல கேப்பாங்க, அப்புறம் கடைக்காரர் பேக்ரவுண்ட் செக் போடுவார். அந்த ஃபார்ம்ல ஒரு வார்த்தை பொய் எழுதினாலும் அதுவே தனி குற்றம். கஞ்சா பத்தியும் அதுல ஒரு கேள்வி இருக்கு, உங்க ஸ்டேட்ல அது லீகலா இருந்தாலும் ஃபெடரல் கணக்குல இல்லன்னு அந்த ஃபார்மே சொல்லும், படிச்சுட்டு பதில் போடுங்க.

வேற ஸ்டேட் கடையில பாத்து பிடிச்சுப் போச்சுன்னா நேரா கையில வாங்கிட்டு வர முடியாது, உங்க ஸ்டேட்ல லைசென்ஸ் உள்ள கடைக்கு அனுப்பி அங்கதான் வாங்கிக்கணும். எச்-1பில இருக்கற ஃப்ரெண்டுக்காக "என் பேர்ல வாங்கித் தரேன்"னு யாராவது சொன்னா அந்தப் பக்கமே போகாதீங்க, 2022ல வந்த சட்டத்துக்கு அப்புறம் இப்படி தடை உள்ளவங்களுக்காக வாங்கறதே தனி ஃபெடரல் குற்றம். கிரீன் கார்டு ஆளுங்களுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு, துப்பாக்கி சம்பந்தமா தண்டனை வந்தா நாடு கடத்தறதுக்கு அதுவே காரணம் ஆயிடும்.

டெக்சாஸ்ல வாங்க தனி பெர்மிட் தேவையில்ல. நியூஜெர்சில ஹேண்ட்கன் வாங்கறதுக்கே போலீஸ்ல பெர்மிட் எடுக்கணும், எடிசன்ல இருக்கறவங்களுக்கு இது தெரிஞ்சிருக்கும். இல்லினாய்ஸ்ல முதல்ல ஒரு அடையாள அட்டை எடுக்கணும். கலிஃபோர்னியாவுல அரசாங்க லிஸ்ட்ல இருக்கற மாடல்தான் கடையில புதுசா விக்க முடியும், அதனால நான் கீழ சொல்ற மாடல்ல சிலது பே ஏரியாவுல கிடைக்காம போகலாம்.

எல்லாரும் பிஸ்டல் வாங்கறாங்க, ரிவால்வர் பழைய காலத்து சாமான் இல்லையா?

பழசுதான். கோல்ட் கம்பெனியோட டிடெக்டிவ் ஸ்பெஷல் 1927ல வந்தது, ஸ்மித் அண்ட் வெஸ்ஸனோட சீஃப்ஸ் ஸ்பெஷல் 1950ல வந்தது, இன்னிக்கு கடையில விக்கற சின்ன ரிவால்வர்ல முக்கால்வாசி அந்த சீஃப்ஸ் ஸ்பெஷல் வம்சம்தான். பிஸ்டல்னா மேல இருக்கற ஸ்லைடு தானா முன்னும் பின்னும் போய் அடுத்த ரவையை ஏத்தற வகை, அதுல 10, 12 ரவுண்டு வரும், சுடறதும் சுலபம், குறியும் நல்லா விழும். ஒரே ஒரு துப்பாக்கி, அதுவும் வீட்டுக்கு மட்டும்தான்னா நான் ரிவால்வர் சொல்லவே மாட்டேன்.

அப்புறம் ஏன் இது இன்னும் விக்குதுன்னா, பாக்கெட்ல வெச்சுக்க இதைவிட வசதியானது இல்ல, உருண்டையா இருக்கறதால துணிக்கு வெளில வடிவம் தெரியாது, பிடியைப் பிடிச்சு உருவறதுக்கும் வாகா இருக்கும். ஸ்லைடை பின்னால இழுக்கற வேலை கிடையாது, மூட்டுவலி உள்ளவங்களுக்கு அது பெரிய விஷயம். ஒரு ரவை வெடிக்கலன்னா மறுபடி ட்ரிகரை இழுத்தா அடுத்தது வரும். ஆளோட ஆள் ஒட்டி மல்லுக்கட்டற நிலைமையில பிஸ்டல் ஸ்லைடு தள்ளுப்பட்டு சுடாம நின்னுடலாம், ஹேமர் (ரவையை வெடிக்க வைக்கற சுத்தி) மறைஞ்ச ரிவால்வருக்கு அந்த பிரச்சனை இல்ல. ஆனா "ரிவால்வர் ஜாம் ஆகவே ஆகாது"ன்னு கடைக்காரர் அடிச்சு சொன்னா நம்பாதீங்க. எஜெக்டருக்கு (சுட்ட காலி உறையை வெளில தள்ற பாகம்) அடியில கொஞ்சம் கரித்தூள் மாட்டினாலே சிலிண்டர் சுத்தாம இறுகிடும், எஜெக்டர் ராட் லூசானா சிலிண்டரைத் திறக்கவே முடியாது. பிஸ்டல்ல மாட்டினா ரெண்டு செகண்ட்ல சரி பண்ணலாம், ரிவால்வர் மாட்டினா அன்னிக்கு அவ்வளவுதான்.

வீட்டுக்காரம்மாவுக்கு வாங்கறேன், சின்னதா லைட்டா ஒண்ணு சொல்லுங்க

இந்தக் கேள்விதான் அதிகம் வருது, தப்பா முடியறதும் இதுலதான் அதிகம். கடைக்குப் போனா பெண்கள் கையில நேரா சின்னதா ஒண்ணு, சில கடையில பிங்க் கலர் பிடி போட்டதா எடுத்துக் கொடுப்பாங்க. கையில வெச்சா பூ மாதிரி இருக்கும், 400 கிராம் கூட வராது, உடனே பிடிச்சுப் போயிடும். ரேஞ்சுல முதல் ரவுண்டு சுட்டதும் முகம் மாறிடும், அந்தப் பெட்டி ரவை தீர்றதுக்குள்ள "எனக்கு வேண்டாம்"னு கீழ வெச்சுடுவாங்க.

காரணம் சிம்பிள். ரவையோட சக்தி ஒண்ணுதான், துப்பாக்கி எடை குறையக் குறைய அந்த உதை முழுசும் உங்க கைக்கு வருது. அடுத்தது ட்ரிகர். ஹேமரைத் தூக்கறது, சிலிண்டரைச் சுத்தறது, சுடறது எல்லாத்தையும் அந்த ஒரே இழுப்பு செய்யணும், அதனால சின்ன ரிவால்வர்ல ட்ரிகர் கனம் 12 பவுண்டு கிட்ட இருக்கும், ஒரு 5 கிலோ அரிசிப் பையை ஆள்காட்டி விரல்ல மாட்டி தூக்கற கனம். 400 கிராம் பொருளை ஆடாம பிடிச்சுக்கிட்டு அதுல 5 கிலோ இழுப்பு இழுத்தா குறி எங்க போகும்? மூணாவது, பேரல் குட்டை, குறி பாக்கற மேடு குட்டிக் குட்டியா இருக்கும், கொஞ்சம் கை கோணினாலும் 7 கஜத்துல பேப்பர் பிளேட்டை விட்டு வெளில போயிடும்.

ஆக, சின்ன ரிவால்வர் வெச்சுக்க சுலபம், சுடறதுக்கு மத்த எதையும்விட கஷ்டம். புதுசா கத்துக்கறவங்க கையில கொடுக்க வேண்டிய கடைசி சாமான் இது. அவங்களுக்கு நீங்க வாங்கிக் கொடுக்காதீங்க, ரேஞ்சுக்கு கூட்டிட்டுப் போய் நாலஞ்சு வகை வாடகைக்கு எடுத்து அவங்களே சுட்டுப் பாத்து அவங்களே சொல்லட்டும். நாம பக்கத்துல நின்னு "இப்படிப் பிடி, அப்படிப் பிடி"ன்னு கத்தாம ஒரு இன்ஸ்ட்ரக்டர் கிட்ட விட்டுட்டா குடும்பத்துக்கும் நல்லது.

சரி, மாடல் சொல்லுங்க. எது வாங்கலாம்?

நான் பாக்கற முறை என்னன்னா, தினமும் கூட வெச்சுக்க முடிஞ்சதுலயே எது அதிக எடையோ அதை எடுக்கணும். கடையில எல்லாரும் இதுக்கு நேர் எதிராத்தான் வாங்கறாங்க.

ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 642 தான் இந்த வகையில எங்கப் பாத்தாலும் இருக்கறது. அலுமினியம் ஃபிரேம், 410 கிராம் பக்கம், 5 ரவுண்டு .38 ஸ்பெஷல் (ரவையோட அளவு), ஹேமர் உள்ளயே மறைஞ்சிருக்கும். கறுப்புல வேணும்னா 442. ஹோல்ஸ்டர் (துப்பாக்கி உறை), பிடி, ஸ்பீட் லோடர் (எல்லா ரவையையும் ஒரே தடவைல போடற சாமான்) எல்லாம் இதுக்கு எந்தக் கடையிலயும் கிடைக்கும், அதுவே பெரிய வசதி. சில பதிப்புல பக்கவாட்டுல துப்பாக்கியைப் பூட்டறதுக்கு ஒரு சாவி ஓட்டை இருக்கும், இல்லாததும் விக்கறாங்க, நான் இல்லாததைத்தான் எடுப்பேன். 2024ல இதுலயே அல்டிமேட் கேரின்னு ஒரு வகை வந்துச்சு, குறி பாக்கற சைட் நல்லா தெரியற மாதிரி, பிடியும் கொஞ்சம் உயரத்துல கை போற மாதிரி மாத்தியிருக்காங்க. விலை கூடத்தான், ஆனா பழைய சைட்டைப் பாத்தவங்களுக்கு ஏன்னு புரியும்.

ருகர் எல்சிஆர் 2009ல வந்தது. பாதி ஃபிரேம் பிளாஸ்டிக், பாக்க பொம்மைத் துப்பாக்கி மாதிரி இருக்கும், அழகு பாத்து வாங்கற ஆளுங்க திரும்பியே பாக்க மாட்டாங்க. ஆனா பெட்டியில இருந்து எடுத்த உடனே ட்ரிகர் வழுக்கிட்டு வர்றதுல இந்த விலைல இதுக்கு ஈடு கிடையாது. .38ல 383 கிராம், .357ல (.38ஐவிட சக்தி கூடின மேக்னம் ரவை) ஸ்டீல் ஃபிரேம், 485 கிராம் பக்கம். .357 வாங்கி அதுல .38 போட்டு சுடறது நல்ல யோசனை, அந்த 100 கிராம் கூடுதல் எடைய கை உணரும்.

பெல்ட்ல மாட்டப் போறீங்கன்னா ஸ்டீலுக்கே போயிடுங்க. ருகர் எஸ்பி101 740 கிராம், டேங்க் மாதிரி கட்டியிருப்பாங்க, 5 ரவுண்டு. கிம்பர் கே6எஸ் 650 கிராம், அதுலயே 6 ரவுண்டு அடக்கியிருக்காங்க, ட்ரிகரும் அருமை, ஆனா விலை பாத்தா நெஞ்சு வலிக்கும். 2017ல கோல்ட் கம்பெனி கோப்ரான்னு பழைய பேர்லயே புதுசா இறக்கினது 6 ரவுண்டு ஸ்டீல். கையில காசு கம்மின்னா டாரஸ் 856, 6 ரவுண்டு, மத்ததுல இருந்து நூறு இருநூறு டாலர் குறைவா கிடைக்கும். டாரஸ் வாங்கினா முதல்ல ரேஞ்சுல நல்லா சுட்டுப் பாத்து தொந்தரவு இல்லன்னு தெரிஞ்ச அப்புறம்தான் கூட வெச்சுக்கணும்னு சொல்வேன், இதை எந்த பிராண்டுக்கும் சொல்வேன், டாரஸுக்கு கொஞ்சம் சத்தமா சொல்வேன்.

வேண்டாம்னு சொல்றது ஒண்ணு இருக்கு, ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 340பிடி. ஸ்கேண்டியம், டைட்டானியம் எல்லாம் போட்டு 330 கிராம் சுமாருக்கு கொண்டு வந்துட்டாங்க, அதுல .357 மேக்னம் போடலாம்னு வேற எழுதியிருக்கும். உதை எந்த அளவுக்குன்னா சுடாத மீதி ரவைகள்ல குண்டு கேஸை (ரவையோட உறையை) விட்டு முன்னால நகர்ந்து வந்து சிலிண்டரை அடைச்சுடும்னு கம்பெனிக்கே பயம், 120 கிரெயினுக்கு (குண்டோட எடை அளவு) குறைஞ்ச குண்டு போடாதேன்னு பேரல்லயே அச்சடிச்சிருக்காங்க.

.38ஆ .357ஆ?

.357 துப்பாக்கில .38ம் போடலாம், .38 துப்பாக்கில .357 போக முடியாது, கேஸ் 3 மில்லிமீட்டர் கிட்ட நீளம் கூட. அதனால துப்பாக்கி .357 வாங்கறது சரி, ரவை .38 ஸ்பெஷலே போதும். 2 இன்ச் பேரல்ல மேக்னம் வெடிமருந்து பாதி வெளில வந்துதான் எரியும், கண்ணு கூசற வெளிச்சம், காது அடைக்கற சத்தம், அதுக்கு ஏத்த பலன் கிடைக்காது, ரெண்டாவது ரவுண்டுக்கு கை திரும்பி வர்றதுக்கும் நேரம் ஆகும்.

கைல பலம் இல்ல, .22 வாங்கினா கேவலமா?

யாரு சொன்னது. எல்சிஆர் .22ல 8 ரவுண்டு, உதையே தெரியாது, 8ம் ஒரே இடத்துல போடறவங்க .38ல ரெண்டு போட்டு மூணாவது எங்கயோ போடறவங்களைவிட மேல். குறை என்னன்னா .22 ரவை விளிம்புல அடிச்சு வெடிக்கற வகை, எப்பவாவது வெடிக்காம போறது இதுல அதிகம், அதை வெடிக்க வைக்க ஸ்பிரிங்கும் கனமா போடுவாங்க, அதனால .22 ஆனாலும் ட்ரிகர் லேசா இருக்கும்னு எதிர்பாக்காதீங்க.

நடுவுல .32 இருக்கு, இதை யாரும் யோசிக்கறதே இல்ல. .327 ஃபெடரல் மேக்னம் துப்பாக்கில .32 எச் அண்ட் ஆர் மேக்னமும் போடலாம், .32 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் லாங்கும் போடலாம், அதே சைஸ் சிலிண்டர்ல ஒரு ரவுண்டு கூடவும் வரும். உதை .38ஐவிட நல்லாவே கம்மி. மூட்டுவலி உள்ள அம்மாவுக்கு என் தேர்வு இதுதான். ரவை எல்லாக் கடையிலயும் இருக்காது, ஆன்லைன்ல வாங்கி வெச்சுக்கணும், அதான் ஒரே சிக்கல். நம்ம ஊர்ல கான்பூர் ஃபேக்டரி ரிவால்வர் எல்லாம் அந்த .32 லாங்தான், அதனால பேரு சில பேருக்கு பழக்கமா இருக்கும்.

தற்காப்புக்கு எந்த ரவை?

குட்டைப் பேரல்ல வேகம் குறைவு, அதனால பல ஹாலோ பாயின்ட் குண்டு (மூக்குல குழி வெச்சு, பட்டதும் விரியற மாதிரி செஞ்சது) விரியாம போயிடும், நடுவுல இருக்கற குழியில துணி அடைச்சுக்கிட்டாலும் அதே கதி. ஸ்பீர் கோல்ட் டாட் 135 கிரெயின்ல ஷார்ட் பேரல்னே ஒரு வகை இருக்கு, குட்டைப் பேரலுக்குன்னே செஞ்சது, உதை கொஞ்சம் இருக்கும். அது தாங்கலன்னா 148 கிரெயின் வாட்கட்டர், மூக்கு தட்டையா இருக்கற டார்கெட் ரவை. விரியாதுதான், ஆனா போதுமான ஆழம் போகும், உதை ரொம்பக் கம்மி, அதனால குறி நிக்கும். லேசான ரிவால்வருக்கு நான் வாட்கட்டர் பக்கம். ஒரே தொல்லை, தட்டை மூக்குங்கறதால அவசரத்துல சிலிண்டருக்குள்ள தள்ளறது கஷ்டம். பெட்டியில +பி ன்னு போட்டிருந்தா அது அழுத்தம் கூடின ரவை, உங்க துப்பாக்கி அதுக்கு தாங்கும்னு கம்பெனி சொல்லியிருந்தா மட்டும் போடுங்க.

ஹேமர் வெளில தெரியறது வேணுமா?

வேண்டாம். பாக்கெட்ல இருந்து எடுக்கும்போது துணில மாட்டும். கட்டை விரல்ல ஹேமரை பின்னால இழுத்து வெச்சா ட்ரிகர் லேசாகும், குறி நல்லா விழும்னு சொல்வாங்க, உண்மைதான், ஆனா பயத்துல கை நடுங்கற நேரத்துல லேசான ட்ரிகர்ல விரல் வெச்சுக்கிட்டு நிக்கறதைவிட ஆபத்து வேற இல்ல.

5 ரவுண்டு போதுமா?

போதும்னு யாராலயும் உறுதி சொல்ல முடியாது, அதைத் தெரிஞ்சுக்கிட்டுதான் வாங்கணும். கூட ஒரு ஸ்பீட் ஸ்ட்ரிப் வெச்சுக்கலாம், ரப்பர் பட்டையில வரிசையா ரவை செருகினது, பாக்கெட்ல தட்டையா இருக்கும். ஸ்பீட் லோடர் வேகம் கூட, ஆனா உருண்டையா துருத்திக்கிட்டு நிக்கும். இந்த சைஸ்ல எஜெக்டர் ராட் குட்டை, காலி கேஸ் முழுசா வெளில வராம ஒண்ணு ரெண்டு மாட்டிக்கும், துப்பாக்கி மூக்கை நல்லா மேல தூக்கி அடிச்சுத் தள்ளணும்.

எங்க வெச்சுக்கறது? ஹேண்ட்பேக்ல போட்டுக்கலாமா?

ஹேண்ட்பேக்குக்கு என் பதில் கூடாதுதான். பேக்கைத்தான் முதல்ல பிடுங்குவான், பிடுங்கினா துப்பாக்கியும் அவன் கையில. கடையில சாமான் வண்டில பேக்கை வெச்சுட்டு அலமாரி பக்கம் திரும்பற ஒரு நிமிஷத்துல குழந்தை கையை உள்ள விடும், அமெரிக்காவுல இப்படி உயிர் போயிருக்கு.

பாக்கெட்னா கட்டாயம் பாக்கெட் ஹோல்ஸ்டர் வேணும், ட்ரிகரை முழுசா மூடணும், டிசான்டிஸ் நெமசிஸ் மாதிரி இருபது முப்பது டாலர்ல கிடைக்கறதே நல்லா இருக்கும். அந்தப் பாக்கெட்ல வேற எதுவும் போடக் கூடாது, சாவி இல்ல, சில்லறை இல்ல, பாக்குப் பொட்டலம் கூட இல்ல. உக்காந்துக்கிட்டு, அதுவும் கார்ல சீட் பெல்ட் போட்டுக்கிட்டு பாக்கெட்ல இருந்து எடுக்கறது முடியாத காரியம்னு தெரிஞ்சு வெச்சுக்கங்க. வேட்டி சட்டைக்கு வழி இருக்கான்னு ஒருத்தர் கேட்டார். அன்னிக்கு ஒரு நாள் வீட்ல பூட்டி வெச்சுட்டு வாங்க சார்.

வீட்ல சின்ன பசங்க இருக்காங்களே

அப்போ துப்பாக்கி வாங்கறதுக்கு முன்னாடி சேஃப் வாங்குங்க. ரிவால்வரோட கனமான ட்ரிகரை குழந்தையால இழுக்க முடியாதுன்னு சொல்றவங்க பேச்சைக் கேக்காதீங்க, ரெண்டு கட்டை விரலையும் சேத்து வெச்சு அழுத்தினா சின்னக் குழந்தையாலயும் முடியும். பீரோ மேல துணிக்கு அடியில, தலையணை உறைக்குள்ள, சாமி ரூம் மேல் தட்டுல, இதெல்லாம் ஒளிச்சு வெச்ச மாதிரி நமக்குத்தான் தோணும், நம்ம வீட்ல லட்டு டப்பா எங்க இருக்குன்னு பசங்களுக்குத் தெரியாதா என்ன.

படுக்கை பக்கத்துல வெக்க பட்டன் நம்பர் போட்டு திறக்கற சின்ன சேஃப் கிடைக்கும், அதை சுவத்துலயோ கட்டில் சட்டத்துலயோ போல்ட் போட்டு இறுக்கணும், இல்லன்னா திருடன் சேஃபோட தூக்கிட்டுப் போவான். டெக்சாஸ் சட்டத்துல 17 வயசுக்கு கீழ உள்ள பிள்ளை கையில எட்டற மாதிரி லோட் பண்ணின துப்பாக்கியை அஜாக்கிரதையா வெச்சிருந்தா அதுவே குற்றம். பசங்க கிட்ட மூடி மறைக்காம சொல்லியும் வெக்கணும்: எங்க பாத்தாலும் தொடாதே, அந்த இடத்தை விட்டு வெளில வா, பெரியவங்க கிட்ட சொல்லு. உங்க வீட்ல இல்லன்னாலும் அவன் விளையாடப் போற வீட்ல இருக்கும், இது அமெரிக்கா.

இன்னொரு கேள்வி, இதை யாரும் கேக்கறதில்ல, நானே சேக்கறேன்: வீட்ல யாராவது மனசு ஒடிஞ்சு இருந்தா?

இந்த நாட்டுல துப்பாக்கியால போற உயிர்ல பாதிக்கு மேல தற்கொலை. வேலை போயி விசா கெடு ஓடிக்கிட்டு இருக்கற நேரம், விவாகரத்து, பிரசவத்துக்கு அப்புறம் வர்ற மனச்சோர்வு, காலேஜ்ல தோத்த பையன், இதெல்லாம் நம்ம வீடுகள்லயும் இருக்கு, வெளில சொல்றதில்ல அவ்வளவுதான். அப்படி ஒரு காலம் ஓடுதுன்னா வாங்கற யோசனையைத் தள்ளிப் போடுங்க, ஏற்கனவே இருந்தா வீட்டை விட்டு வெளில கொண்டு போய் வைங்க, சில கன் ஷாப்லயும் ரேஞ்சுலயும் பாதுகாப்பா வாங்கி வெச்சுக்கறாங்க. 988ங்கற தற்கொலைத் தடுப்பு ஹெல்ப்லைனுக்கு எந்த நேரமும் கூப்பிடலாம், மெசேஜும் அனுப்பலாம்.

எவ்வளவு ப்ராக்டீஸ் பண்ணணும்?

ரேஞ்சுல 50 ரவுண்டுக்கு மேல சின்ன ரிவால்வர்ல போனா கைதான் கெடும், உதைக்கு பயந்து கண்ணு மூடற பழக்கமும் ஒட்டிக்கும். ரவையும் 50 உள்ள பெட்டி 25 டாலருக்கு மேல ஆகுது. அதனால பாதி வேலையை வீட்லயே பண்ணுங்க. எல்லா ரவையையும் எடுத்து வேற ரூம்ல வெச்சுட்டு, சிலிண்டரை ரெண்டு தடவை பாத்துட்டு, ஸ்னாப் கேப்னு விக்கற டம்மி ரவை போட்டு, பாதுகாப்பான ஒரு பக்கம் நீட்டி, சைட் ஆடாம ட்ரிகரை மெதுவா கடைசி வரைக்கும் இழுத்துப் பழகணும். ட்ரிகரை நடுவுல நிறுத்தி நிறுத்தி இழுக்காதீங்க, ஒரே சீரா இழுத்துட்டே வாங்க. சுட்ட அப்புறம் விரலை முழுசா முன்னால விடணும், பாதில திரும்ப இழுத்தா ரிவால்வர் இறுகி நின்னுடும். .22ல டம்மி இல்லாம வெறும் ட்ரிகர் இழுக்காதீங்க, பின் சிலிண்டர் விளிம்புல அடிச்சு கெட்டுடும்.

ரேஞ்சுல 3 கஜத்துல ஆரம்பிச்சு 7 கஜம் வரைக்கும் போதும். பிஸ்டல் பழகினவங்க கவனிங்க, இடது கட்டை விரலை முன்னால நீட்டி வெக்கற பழக்கம் இங்க ஆகாது, சிலிண்டருக்கும் பேரலுக்கும் நடுவுல இருக்கற இடுக்குல சூடான காத்து பீச்சி அடிக்கும், விரலை வெட்டும். காதுக்கு உள்ள ஒரு பிளக், மேல ஒரு மஃப், ரெண்டும் போடுங்க.

பழசு வாங்கினா லாபமா?

நல்லது கிடைச்சா லாபம்தான், தெரிஞ்ச ஆளை கூட்டிட்டுப் போங்க. காலியா இருக்கான்னு பாத்துட்டு, கடைக்காரர் கிட்ட கேட்டுட்டு, ட்ரிகரை மெதுவா இழுத்துப் பிடிச்சுக்கிட்டு சிலிண்டரை அசைச்சுப் பாக்கணும், ஹேமர் விழற நேரத்துல சிலிண்டரோட ஒவ்வொரு அறையும் தன் முறை வர்றப்ப பேரலுக்கு நேரா நிக்கணும். முன்னும் பின்னும் லொடலொடன்னு ஆடினா வேண்டாம். பிடி ஸ்க்ரூ தலை எல்லாம் தேஞ்சு போயிருந்தா யாரோ வீட்லயே கழட்டி ஸ்பிரிங்கை வெட்டி விளையாடியிருக்காங்கன்னு அர்த்தம், அதையும் விட்டுடுங்க.

டெக்சாஸ்ல எங்க வேணும்னாலும் எடுத்துட்டுப் போலாமாமே?

2021 செப்டம்பர் 1ல இருந்து 21 வயசு ஆன, சட்டப்படி தடை இல்லாத ஆள் லைசென்ஸ் இல்லாமயே ஹேண்ட்கன் வெச்சுக்கலாம், அது உண்மை. எங்க வேணும்னாலும்ங்கறது பொய். பள்ளிக்கூடம், கோர்ட், ஓட்டுச் சாவடி, ஏர்போர்ட் செக்யூரிட்டிக்கு அந்தப் பக்கம், 51%னு சிவப்பு எழுத்துல போர்டு மாட்டின பார், இங்கெல்லாம் கூடாது. கடையோ கோயிலோ துப்பாக்கி வேண்டாம்னு சட்டப்படி போர்டு வெச்சிருந்தா அங்கயும் கூடாது. பார்ட்டில ஏதாவது அடிச்சிருந்தீங்கன்னா அன்னிக்கு தொடவே கூடாது. லைசென்ஸ் தேவையில்லன்னாலும் நான் எடுக்கச் சொல்வேன், அந்த வகுப்புலதான் எப்ப சுடலாம் எப்ப கூடாதுன்னு ஒழுங்கா சொல்லித் தருவாங்க, டெக்சாஸ் லைசென்ஸை ஏத்துக்கற மத்த ஸ்டேட்டுக்கும் அது உதவும். எல்லா ஸ்டேட்டும் ஏத்துக்காது, நியூஜெர்சி மச்சான் வீட்டுக்கு ரோட் ட்ரிப் போறப்ப இதை மறந்தா கார்லயே கைதுதான்.

பயமுறுத்த வானத்தைப் பாத்து ஒரு ரவுண்டு சுடலாமா?

கூடாது. மேல போன குண்டு எங்கயோ இறங்கித்தான் ஆகணும், எங்க இறங்கினாலும் அதுக்கு நீங்கதான் பொறுப்பு. பார்க்கிங் சண்டையில சும்மா எடுத்துக் காட்டறதும் அதே மாதிரி கேஸ்தான்.

பெப்பர் ஸ்ப்ரே போதாதா?

பாதி பேருக்கு அதுவே சரியான பதில். ராத்திரி பார்க்கிங் லாட், நாய் துரத்தறது, குடிச்சுட்டு வம்பு பண்றவன், இதுக்கெல்லாம் துப்பாக்கி எடுக்கவே கூடாது, ஸ்ப்ரே எடுக்கலாம். எச்-1பில இருக்கறவங்களுக்கும் இந்த ஃபெடரல் துப்பாக்கித் தடை ஸ்ப்ரேக்கு பொருந்தாது. துப்பாக்கி வாங்கினாலும் ஸ்ப்ரேயும் ஒண்ணு வெச்சுக்கங்க.

ஊருக்குப் போகும்போது என்ன பண்றது?

அமெரிக்காவுக்குள்ள ஃபிளைட்ல போனா, லோட் பண்ணாம, பூட்டின கெட்டிப் பெட்டியில, செக்-இன் லக்கேஜ்ல, கவுன்டர்ல சொல்லிட்டு கொண்டு போகலாம். இந்தியாவுக்கு நினைச்சுக் கூட பாக்காதீங்க. துப்பாக்கியைவிட ரவைதான் பெரிய ஆபத்து, ரேஞ்சுக்கு எடுத்துட்டுப் போற அதே பேக்கை சென்னை ட்ரிப்புக்கும் எடுத்தா மூலையில கிடக்கற ஒரே ஒரு ரவை கூட எக்ஸ்-ரேல தெரியும், ஆயுதச் சட்டத்துல கேஸ் போட்டு ஏர்போர்ட்லயே உக்கார வெச்சுடுவாங்க. ரேஞ்சு பேக் தனி, ஊர் பேக் தனி, அவ்வளவுதான்.

துடைக்கறது எப்படி?

சால்வென்ட், பிரஷ், துணி, கொஞ்சம் எண்ணெய். எஜெக்டரைத் தள்ளிப் பிடிச்சுக்கிட்டு அதுக்கு அடியில பழைய டூத் பிரஷ்ல தேய்க்கறதுதான் முக்கியம், அங்க எண்ணெய் விடாதீங்க, விட்டா கரி ஒட்டும். பாக்கெட்ல வெக்கற ரிவால்வர்னா சுடலன்னாலும் மாசம் ஒரு தடவை பஞ்சுத் தூசியைத் தட்டி விடணும். ரேஞ்சுல இருந்து வந்ததும் கையை சோப்பு போட்டு நல்லா கழுவிட்டு சாப்பிடுங்க, காரீயத் தூள் விரல்ல இருக்கும். நாம கையால பிசைஞ்சு சாப்பிடற ஆளுங்க, அதனால கூடுதலா ஒரு தடவை கழுவினா தப்பில்ல.